இருக்கிற இடத்துக்கு ஒரு ரெண்டர்

1. எக்செல் தெரிந்த பிள்ளை

செயலாளர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்து சொன்னபோது நான் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வடிகானின் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

"பிள்ளை, உமக்கு எக்செல் தெரியுமாம்" என்றார்.

"ஓம் சேர்."

"அப்ப இண்டையில இருந்து நீர்தான் எங்கட நிதி நிபுணர். இரும்."

நான் அந்த உள்ளூராட்சிச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வீதி, வடிகான், கட்டடம் ஆகியவற்றுக்கு மதிப்பீடு தயாரிப்பதும், நடக்கும் வேலையை மேற்பார்வை செய்வதும் என் கடமை. வருமானத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை. ஆனால் சபையில் இருந்த ஒரே கணினி என் மேசையில்தான் இருந்தது.

சண்டையால் மூடிக் கிடந்த ஏ-9 பாதை திறந்து, வவுனியாவிலிருந்து வடக்கே பஸ் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் நகரம் அந்த மாவட்டத்தில் ஒரு சிறிய நகரம். தேர்தல் நடக்காததால் சபைக்கு உறுப்பினர்கள் இல்லை. தலைவரின் வேலையையும் செயலாளரே பார்த்தார். மெலிந்த மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

உள்ளூராட்சித் திணைக்களக் கூட்டத்தில் நடந்ததை அவர் சொன்னார். ஒவ்வொரு சபையும் தன் சொந்த வருமானத்தைச் சொல்ல வேண்டியிருந்ததாம். எங்களுடையது கடைசி. அடுத்த கூட்டத்துக்கு, எங்களைப் போன்ற வேறு நகரங்களோடு ஒப்பிட்டு ஓர் அறிக்கை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

"எழும்பி நிக்கேக்க என்ர கையில ஒரு விடை வேணும். அவையள் எதில உழைக்கினம், நாங்கள் எதில உழைக்கேல்லை எண்டு எனக்குக் காட்டும்."

என் கொப்பியில் அன்றே நான்கு வரிகள் எழுதினேன்.

அ. ஒப்பிடத் தகுந்த நகரங்களைத் தெரிதல்.
ஆ. வருமானத் தலைப்புகளை ஒரே மாதிரி ஆக்குதல்.
இ. இல்லாத தகவலைத் தொலைபேசியில் கேட்டல்.
ஈ. வடிகான் வேலையை நிறுத்தாதிருத்தல்.

2. மூன்று நகரங்களும் நாங்களும்

சனத்தொகையும் பரப்பும் எங்களோடு ஏறத்தாழ ஒத்துப்போகும் மூன்று நகரங்களைத் தெரிந்தேன். பெயர்கள் இங்கே தேவையில்லை. ஒன்று நீதிமன்றம் உள்ள நகரம், ஒன்று கடற்கரை நகரம், ஒன்று நெடுஞ்சாலைச் சந்தியில் உள்ள நகரம். இப்படித்தான் என் அட்டவணையிலும் அவற்றைக் குறித்தேன்.

எங்கள் வருமானப் பரிசோதகர் தவராசா அண்ணை எனக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எந்தப் பணம் எந்தத் தலைப்பில் வருகிறது என்பதை அவரிடம்தான் படித்தேன். புதிதாக வருபவர்களுக்கு உதவும் என்பதால் அதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

சோலைவரி. வீட்டுக்கும் கடைக்கும் ஆண்டுதோறும் விதிப்பது. நான்கு நகரங்களிலும் உண்டு. எங்கள் பட்டியல் சண்டைக்கு முந்தியது. பட்டியலில் இருந்த வீடுகள் சிலவற்றுக்குக் கூரை இல்லை. கூரை உள்ள வீடுகள் சில பட்டியலில் இல்லை. உரிமையாளர் கனடாவில், குடியிருப்பவர் முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், வரி கேட்டு யாருக்கு எழுதுவது? மற்ற நகரங்களுக்கு இந்தக் கேள்வி இந்த அளவுக்கு இல்லை.

தண்டப்பணமும் முத்திரைத் தீர்வையும். நீதிமன்றத்தில் அறவிடும் தண்டத்திலும் காணி கைமாறும்போது கட்டும் தீர்வையிலும் சபைக்குப் பங்கு வரும். நீதிமன்ற நகரத்தின் பெரிய வருமானம் இதுதான்.

"அவங்கட ஊரில சனம் பிழை விட விட சபைக்கு வருமானம்" என்றார் தவராசா அண்ணை. "எங்கட சனம் நல்ல சனம். அதுதான் நாங்கள் இப்பிடி இருக்கிறம்."

பஸ் நிலையம். சந்தி நகரம் உள்ளே வரும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கட்டணம் எடுத்தது. எங்களிடம் நின்று போகும் பஸ்கள் சில. ஆனால் எங்கள் பஸ் நிலையத்தில் சைக்கிள் தரிப்பிடம் ஒன்று இருந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து சைக்கிளில் வந்து, அதை அங்கே விட்டுவிட்டுப் பஸ் ஏறுவார்கள். திணைக்களம் தந்த படிவத்தில் மோட்டார் வாகனத்துக்கு மட்டுமே இடம் இருந்தது. சைக்கிளை 'வேறு' என்ற தலைப்பில் போட்டேன். 'வேறு' என்பதே எங்கள் அட்டவணையில் மிக நீளமான பகுதியாக இருந்தது. மலக்கழிவு பவுசர் வண்டி, குடிநீர் பவுசர் வண்டி, மண்டப வாடகை எல்லாம் அதற்குள்தான். பழைய றோட் றோலர் ஒன்றைப் பாதை திருத்த வந்த நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டோம். பழுதாகாமல் நின்ற மாதங்களில் அது சபையின் நல்ல உழைப்பாளி.

கடைசியாகச் சந்தை. கடற்கரை நகரமும் சந்தி நகரமும் சந்தையை ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருந்தன. கேள்வி, அதாவது ரெண்டர், கோரி, கூடுதலாகக் கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார்கள். கட்டணம் அறவிடுவது அவர் பாடு. நாங்கள் சபை ஊழியரைக் கொண்டு நேரடியாக அறவிட்டோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கள் நிரலின் மிகப் பெரிய பள்ளம் அங்கேதான் இருந்தது.

அட்டவணையைச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் சந்தை வரிசையில் விரலை வைத்தார்.

"இதுதான் விடையோ?"

"அட்டவணையின்படி ஓம், சேர்."

"அப்ப குத்தகைக்கு விடுவம். அறிவித்தலைத் தயாரியும். அதுக்கு முதல் ஒருக்கா சந்தையைப் போய்ப் பாரும். பாக்காத கட்டடத்துக்கு நீர் மதிப்பீடு போடுறேல்லைத்தானே."

3. வித்துப்போட்டுத் தாறன்

காலையில் சந்தைக்குப் போனேன். கூரை உள்ள கொட்டகையில் சில கடைகள். மற்றவர்கள் எல்லோரும் வெளியே மண்ணில் சாக்கு விரித்து இருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் முழுவதும் எவரிடமும் கட்டணம் கேட்கப்படவில்லை. தவராசா அண்ணை புளியமரத்தின் கீழ் நின்று ரீ குடித்தார்.

"அண்ணை, எப்ப தொடங்குவியள்?"

"மத்தியானம்."

"அதுக்குள்ள பாதிப் பேர் போயிடுவினமே."

"வித்தவை தந்திட்டுப் போவினம். விக்காதவை நாளைக்குத் தருவினம்."

மரத்துக்குக் கிழக்கே கத்தரிக்காயும் பச்சைமிளகாயும் வைத்திருந்த பெண் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் மல்லிகா. மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டித் தோட்டம் செய்யும் குடும்பம். சைக்கிளின் பின்னால் சாக்கைக் கட்டி விடியமுன் புறப்பட்டு வருவார்.

"மிஸ், காலையில என்னட்டக் காசு கேட்டா நான் எங்க போறது? வாற வழியில சைக்கிளுக்குக் காத்தடிக்கிறதே கடன். கத்தரிக்காய் வித்தாத்தான் காசு. வித்துப்போட்டுத் தாறன்."

"ஒருநாளும் தராமல் போகேல்லையோ?"

"அண்ணையைக் கேளுங்கோ."

"ஒருநாள்" என்றார் தவராசா அண்ணை. "மழை. அடுத்த நாள் ரெண்டு நாள் காசோட ஒரு பை மிளகாயும் தந்தவா. மிளகாய்க்கு ரசீது போடேலாதெண்டு திருப்பிக் குடுத்தனான்."

"உறைக்குமெண்டு பயத்தில குடுத்தவர்" என்றார் மல்லிகா.

பக்கத்தில், கிணற்றடியோடு கருவாடு விற்ற ஹனீபா நானா சிரித்தார். தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஊரை விட்டுப் போய்ப் புத்தளத்தில் இருந்து, பாதை திறந்ததும் திரும்பி வந்தவர் அவர். கடை போட முதல் இல்லை. ஒரு மேசையளவு இடமும் ஒரு சாக்கும்தான் இருந்தன.

இப்படி அறவிடும் முறை என் படிவத்தில் இல்லை. மற்ற நகரங்களில் குத்தகைக்காரர் வாசலில், உள்ளே வரும்போதே கட்டணம் எடுத்தார். இங்கே வெளியே போகும்போது எடுத்தார்கள். அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே தலைப்பு: 'சந்தைக் கட்டணம்'.

நான் பார்த்ததைச் செயலாளரிடம் சொன்னேன். அவர் கேட்டார், தலையாட்டினார். பிறகு, "கூட்டத்தில கத்தரிக்காய்க் கதை சொல்லேலாது பிள்ளை. அறிவித்தலைப் போடும்" என்றார்.

4. படிவம் முடிந்துபோயிற்று

அறிவித்தலைச் சந்தைச் சுவரில் ஒட்டிய அடுத்த நாள், கடற்கரை நகரத்தின் சந்தையைக் குத்தகைக்கு வைத்திருந்த முதலாளி வந்தார். மரியாதையான மனிதர். என்னோடு சந்தையைச் சுற்றிப் பார்த்தார். வாசலில் நின்று, வரும் சைக்கிள்களைச் சிறிது நேரம் பார்த்தார்.

"கேற்றில ஒரு மேசை போட்டாக் காணும்" என்றார். "காசு வைச்சவை உள்ளுக்க. மற்றவை வெளியில."

இதை அவர் மெதுவாகச் சொல்லவில்லை. மல்லிகா மிளகாயை அளந்துகொண்டே அவரை ஒருமுறை பார்த்தார்.

முதலாளி போன பின் மல்லிகா என்னைக் கூப்பிட்டார். "மிஸ், ரெண்டர் ஆரும் போடலாமோ?"

"ஓம். படிவம் வாங்க வேணும். கேக்கிற தொகையில ஒரு பங்கை முற்பணமாக் கட்ட வேணும்."

"சின்னத் தொகையெண்டாச் சின்னப் பங்கோ?"

"ஓம்."

"அப்ப சரி."

அவர் ஏன் கேட்டார் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு வடிகான் வேலை இருந்தது.

கிழமை முடிவதற்குள் கருமபீடத்தில் இருந்த சிறாப்பர் என் மேசைக்கு வந்தார். காசு வாங்கும் அவர் கருமபீடத்தை விட்டு எழும்புவது அரிது.

"மிஸ், ரெண்டர் படிவம் முடிஞ்சுபோச்சு."

"எல்லாமோ?"

"இன்னும் சனம் நிக்குது."

மேலும் படிவங்கள் அடித்துக் கொடுத்தோம். செயலாளர் மகிழ்ந்தார். "பாத்தீரோ, போட்டி இருக்குது. விலை ஏறும்" என்றார்.

சந்தைப் பெண்கள் தாங்கள் பிடித்துவந்த சீட்டில் அந்த மாதக் காசைத் தங்களுக்குள் எவருக்கும் கொடுக்காமல், அதில்தான் எல்லோருக்கும் படிவங்களை வாங்கினார்கள் என்பது எங்களுக்குப் பின்னர்தான் தெரிந்தது.

5. பெட்டி திறந்த நாள்

கேள்விப் பெட்டியைக் கேள்வி போட்டவர்களின் முன்னிலையில் திறக்க வேண்டும் என்பது விதி. வழக்கமாக மூன்று நான்கு பேர் வருவார்கள், செயலாளரின் அறையே போதும். அன்று கதவு திறந்ததும் சந்தை உள்ளே வந்தது. கதிரைகள் போதவில்லை. சிலர் விறாந்தையில் நின்று யன்னலால் பார்த்தார்கள். கருவாட்டு மணமும் வந்தது.

முதல் உறை கடற்கரை முதலாளியுடையது. நல்ல தொகை. இரண்டாவது எங்கள் ஊர் அரிசி ஆலைக்காரருடையது, அதைவிடக் குறைவு. செயலாளர் மூன்றாவதைப் பிரித்தார். தாளின் மற்றப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதே குரலில் வாசித்தார்.

"மல்லிகா. கத்தரிக்காய், மிளகாய். புளியமரத்துக்குக் கிழக்கே, ஒரு சாக்கு விரிக்கிற இடம்." தொகையையும் சொன்னார்.

நான் தலையைக் குனிந்து எழுதினேன். அடுத்தது.

"ஹனீபா. கருவாடு. கிணற்றடிக்குப் பக்கத்தில், காற்று வெளியே போகிற பக்கம்."

தவராசா அண்ணை இருமுவதைப் போல வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்தது கீரை. அடுத்தது வெற்றிலை. ஒருவர் 'மழைக்கு ஒதுங்கக்கூடியதாகக் கொட்டகை ஓரத்தில்' என்று கேட்டிருந்தார். இன்னொருவர் 'மல்லிகாவுக்குப் பக்கத்தில்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

கடற்கரை முதலாளி எழும்பினார். "சேர், இது என்ன? ரெண்டரோ, விளையாட்டோ? முழுச் சந்தைக்கெல்லோ கேட்டது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் கோயில் பொங்கல் வந்தால், கடை போடும் வெளியைச் சபை கயிறு கட்டித் துண்டு துண்டாகப் பிரிக்கும். கச்சான் கடலை விற்பவருக்கு ஒரு துண்டு, வளையல் கடைக்கு ஒரு துண்டு. துண்டுக்கு ஒரு ரெண்டர். அவர்கள் அறிந்த ரெண்டர் அதுதான். அவரவர் இருக்கும் இடத்துக்கு அவரவர் போட்டிருக்கிறார்கள்.

செயலாளர் மல்லிகாவைப் பார்த்தார். "அறிவித்தலில முழுச் சந்தை எண்டுதானே அம்மா போட்டிருக்கு?"

"ஓம் சேர், வாசிச்சனாங்கள். முழுச் சந்தையையும் எடுத்து நாங்கள் என்ன செய்யிறது? இருக்கிற இடத்தைத்தான் கேட்டிருக்கிறம்."

விறாந்தையில் நின்றவர்கள் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. "இருங்கோ, முதலாளி" என்று சொல்லிவிட்டு மிச்ச உறைகளைப் பிரித்தார். விதிப்படி அவை செல்லாது என்று ஒரே வசனத்தில் சொல்லி மேசையின் ஓரத்தில் தள்ளியிருக்கலாம். அவர் ஒவ்வொன்றையும், பெயர், பொருள், இடம், தொகை என்று, முதலாளியின் உறையை வாசித்த அதே குரலில் முழுவதும் வாசித்தார். அரசாங்க உத்தியோகத்தில் நான் பார்த்த மிக நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

6. கைக்கு வந்தது எவ்வளவு

எல்லோரும் போன பின் சிறிய தொகைகளை எக்செலில் போட்டுக் கூட்டினேன். நாங்கள் அப்போது அறவிட்டுக்கொண்டிருந்ததைவிட நன்றாகவே கூடுதல். ஆனால் கடற்கரை முதலாளி கேட்டதைவிடக் குறைவு.

செயலாளர் அதைப் பார்த்தார். "கூடக் கேட்டவருக்குக் குடுக்காட்டி, கணக்குப் பாக்க வாற ஓடிற்காரர் என்னைக் கேப்பினம். நிராகரிக்கிற உரிமை எனக்கு இருக்குது. காரணமில்லாமல் பாவிச்சா என்ர பென்சனைத்தான் நான் ரெண்டர் போட வேணும்." தண்ணீர் குடித்தார். "உம்மட அட்டவணையில எனக்கொரு காரணம் இருக்குதோ, பாரும். இல்லாட்டி இல்லையெண்டு சொல்லும். இருக்கிற மாதிரிச் செய்யாதேயும்."

அட்டவணையைத் திரும்ப முதலிலிருந்து வாசித்தேன். வடிகான் வேலையில் இரண்டு அளவுகள் உண்டு. மதிப்பீட்டில் போட்ட அளவு ஒன்று, வேலை முடிந்தபின் நாடா வைத்து எடுக்கும் அளவு மற்றது. பணம் கொடுப்பது இரண்டாவதற்கு. என் அட்டவணையின் சந்தை வரிசையில், எங்கள் நகரத்துக்கு நான் போட்டிருந்தது கைக்கு வந்த பணம். குத்தகை நகரங்களுக்குப் போட்டிருந்தது குத்தகை போன தொகை. படிவம் அப்படித்தான் கேட்டிருந்தது.

தொலைபேசியை எடுத்தேன். சந்தி நகரத்தில் என்னோடு பழகியிருந்த எழுதுவினைஞர் பேசினார்.

"அக்கா, உங்கட சந்தைக் குத்தகையில போன வருசம் கைக்கு வந்தது எவ்வளவு?"

"அதை ஏன் பிள்ளை கேக்கிறீர்?" என்றார் அவர். "முதல் ரெண்டு தவணை கட்டினவர். பிறகு சந்தையில வியாபாரம் இல்லையெண்டிட்டார். கேஸ் நடக்குது."

கடற்கரை நகரத்தில் முதலாளி ஒழுங்காகத்தான் கட்டியிருந்தார். ஆனால் அவர் பொறுப்பேற்றபின் மண்ணில் இருந்து விற்றவர்கள் பலர் சந்தைக்கு வருவதில்லை என்றும், வெளியே வீதியோரத்தில் விற்கிறார்கள் என்றும் அந்தச் சபைக்காரரே சொன்னார். அடுத்த முறை குத்தகை இந்த விலைக்குப் போகாதென்று பயப்பட்டார்கள். வாசலில் கேட்டால் காசில்லாதவர் உள்ளே வரமாட்டார். உள்ளே ஆள் குறைந்தால் வாங்க வருபவர்களும் குறைவார்கள்.

அட்டவணையில் ஒரு நிரலைச் சேர்த்தேன்: 'உண்மையில் பெற்றது'. அதன் பக்கத்தில் ஒரு குறிப்பு: 'அறவிடும் நேரம் - வரும்போது / போகும்போது'. சந்தை வரிசையில் எங்கள் பள்ளம் பாதி நிரம்பியது. முழுவதும் நிரம்பவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினேன்.

செயலாளர் அடுத்த நாள் காலை, அந்த நிரலையே காரணமாகக் காட்டி, ஒரு பக்கத்தில் முடிவை எழுதினார். எல்லாக் கேள்விகளும் நிராகரிக்கப்படுகின்றன. முற்பணம் திருப்பிக் கொடுக்கப்படும். சந்தையில் மண்ணில் இருப்பவர்களுக்கு, அவர்களே எழுதித் தந்த இடத்துக்கு, அவர்களே எழுதித் தந்த தொகைக்கு, மாத அனுமதி வழங்கப்படும். பணம் மாத முடிவில்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இவையள் கட்டாட்டி?"

"எனக்குத் தெரியாது, சேர்."

"எனக்கும் தெரியாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கடற்கரை முதலாளி முற்பணத்தை எடுக்க வந்தபோது கோபிக்கவில்லை. "நான் பிழையா ஒண்டும் கேக்கேல்லை, மிஸ்" என்றார். உண்மைதான்.

7. மாத முடிவு

மாதக் கடைசி நாள் நான் வேலைக்கு வந்தபோது கருமபீடத்துக்கு முன்னால் வரிசை நின்றது. சிறாப்பர் இன்னும் அலுமாரியைத் திறக்கவில்லை. வெளியே சுவரோடு சைக்கிள்கள், அவற்றில் சாக்குகள். காசைக் கட்டிவிட்டுச் சந்தைக்குப் போக வந்திருந்தார்கள். செயலாளர் தன் அறை வாசலில் நின்று வரிசையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இருந்தார். கொஞ்ச நேரத்தில் எனக்கு ரீ வந்தது. செயலாளர் சொன்னதாக ஊழியர் சொன்னார்.

எல்லோரும் கட்டவில்லை. வெற்றிலைக்காரர் ஒரு கிழமை தவணை கேட்டார், பிறகு கட்டினார். கீரை விற்ற ஒருவர் சந்தைக்கு வருவதையே விட்டுவிட்டார். ஆனால் அடுத்த கூட்டத்தில் செயலாளர் எழும்பி நின்று, சந்தை வரிசையை வாசித்தபோது, எங்களுடையது கடைசி இல்லை. கூட்டம் முடிந்ததும் இன்னொரு சபையிலிருந்து ஒருவர், "அதை எந்தத் தலைப்பில போட்டனீங்கள்?" என்று கேட்டாராம். "என்ர ரெக்னிக்கல் ஒபிசரைக் கேளுங்கோ" என்றாராம் இவர்.

வரிசை நின்ற அந்த நாளில் மல்லிகா ரசீதை வாங்கி மடித்துக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார்.

"மிஸ், இப்ப அந்த இடம் என்ரதானே?"

"வாற மாதமும் உங்கட."

"அப்ப மேல ஒரு தகரம் போட்டுத் தாங்கோ. வெயிலில கத்தரிக்காய் வாடுது. சும்மா இருக்கேக்க நான் கேட்டனானோ? இப்ப அந்த இடத்துக்கெண்டு காசு கட்டுறன் எல்லே."

வருமானத்தைப் பற்றி நான் கற்ற பாடம் இதற்குள் இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு அதை இப்படிச் சொல்வேன். இரண்டு நகரங்களை ஒப்பிடும்போது, எவ்வளவு வந்தது என்பதோடு, யாரிடமிருந்து, எந்த நேரத்தில், எப்படிக் கேட்டு வந்தது என்பதையும் பாருங்கள். நீதிமன்ற நகரத்தின் தண்டப்பணத்தைக் கட்டியவர் சபைக்கு வந்து எதையும் கேட்கமாட்டார். குத்தகை முதலாளியும் தகரம் கேட்கமாட்டார். தன் இடத்துக்குத் தானே விலை சொல்லிக் கட்டியவர் கேட்பார். கேட்பவர்கள் உள்ள சபைதான் வேலை செய்யும். அறிக்கையில் அதற்கு ஒரு நிரல் போட எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

செயலாளரிடம் சொன்னேன். "மதிப்பீடு போடும்" என்றார். அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். தவராசா அண்ணை கொப்பியைப் பிடித்தார். மல்லிகா நாடாவின் மற்ற நுனியைப் பிடித்துப் புளியமரத்துக்குக் கிழக்கே போய் நின்றார். நான் வாசித்த அளவு அவர் படிவத்தில் கேட்ட இடத்தைவிட ஒரு சாண் கூடுதலாக இருந்தது.

"மல்லிகா," என்றார் ஹனீபா நானா, கருவாட்டை மூடிக்கொண்டே, "நீ நிக்கிறது என்ர பக்கத்தில."

"தகரத்துக்குச் சாய்வு வேணும், நானா. தண்ணி ஓட வேண்டாமே. மிஸ்ஸைக் கேளுங்கோ."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சாய்வு வேண்டும் என்பது உண்மைதான். நான் அளவைத் திருத்தி எழுதினேன்.